பொது ஒழுங்கையைப் பக்கத்துக் காணிக்காரர் வேலி போட்டுச் சுருக்கிவிட்டார். வழக்குப் போடலாமா?

போடலாம். அதற்கு முன்னம் ஒரு மண்வெட்டியோடு போய் வேலியோரத்தைக் கிண்டிப் பாருங்கள். நான் சட்டத்தரணி இல்லை. இலங்கையின் வன்னியில், விசுவமடுப் பக்கம் கொஞ்ச வயலும் ஒரு லாண்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு உழவு மெசின்) வைத்திருப்பவன். பட்டதை எழுதுகிறேன்.

எங்கள் காணி பரந்தன்–முல்லைத்தீவு றோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. முன் காணிக்கும் எங்களுக்கும் நடுவே பன்னிரண்டடி ஒழுங்கை. அப்பாவும் முன் காணி ஐயாவும் வாயால் பேசி விட்டது, எழுத்தொன்றும் இல்லை. 2009 தை மாதம் போரில் எல்லோரும் ஓடினோம். அடுத்த வருஷக் கடைசியில் முகாமிலிருந்து திரும்பினால் வேலியும் இல்லை, வேலியில் நின்ற பூவரசும் இல்லை. கிணற்றுக்கட்டு மட்டும் கிடந்தது. அவரவர் ஞாபகத்துக்குக் கயிறு பிடித்தோம். நான் கதியால் நட்டேன், ஐயாவின் மகன் முட்கம்பி இழுத்தார்; அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். தறப்பாளுக்குள் கிடந்தவர்களிடம் அளவுநாடா எங்கே?

பிறகு அண்ணையின் தங்கை கனடாவிலிருந்து காசு அனுப்ப, சீமெந்துத் தூண் வந்தது. ஒழுங்கை ஏழடி. லாண்ட்மாஸ்டர் போகும், வெட்டு மெசின் போகாது. மாசியில் என் நெல் ஒரு கிழமை காத்து நின்று மழையில் படுத்துவிட்டது. கேட்டதற்கு, "தம்பி, உங்கட பக்கந்தான் உள்ள வந்திருக்கு" என்றார். அன்றிரவு இரண்டு தூணைப் பிடுங்கினேன். பிழைதான். அதற்காகக் கீழே வந்து பாடம் எடுக்க வேண்டாம், வீட்டிலேயே போதுமான அளவு வாங்கிவிட்டேன்.

விடிய பொலிஸ். அங்கிருந்து மத்தியஸ்த சபை. மூன்று பேர் இருந்து கேட்பார்கள், சட்டத்தரணி வந்து பேச முடியாது. "பத்து வருஷத்துக்கு மேல் நடந்த பாதை, எனக்குத்தான்" என்று சத்தம் போட்டேன். மூவரில் ஒருவரான ஓய்வுபெற்ற வாத்தியார் நிறுத்தினார். பத்து வருஷக் கணக்கு உறுதிக் காணிக்கு, அதாவது உறுதிப் பத்திரம் உள்ள தனியார் காணிக்கு. எங்களுடையது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் கொடுத்த பெர்மிட் காணி, நிலம் அரசாங்கத்தினுடையது, அதில் அந்தக் கதை எடுபடாது. பிரதேச செயலகக் காணிக்கிளைதான் வழி. 'அறுபத்தாறு' போடச் சொல்லி ஊரில் உசுப்புவார்கள். ஆரம்ப நீதிமன்றங்களின் நடைமுறை பற்றிய 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவு அது. அடிபாடு வராமல் தடுக்க இப்போதைக்கு ஒரு கட்டளை கிடைக்கும். உரிமையை முடிவாகத் தீர்க்க மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். அதற்குள் எத்தனை போகம் போகுமோ.

வாத்தியார் நேரில் வந்து, "கிண்டுங்கோ" என்றார். ஒன்றரையடி ஆழத்தில் கரிப்பிடித்த பூவரசு வேர்க்கட்டைகள், பல்லு வரிசை மாதிரி. இரண்டு பக்கமும் இருந்தன. அண்ணையின் தூண் மூன்றடி உள்ளே வந்திருந்தது. என் கதியால் இரண்டடி. ஆம், என்னுடையதும்தான். அண்ணையின் அம்மா ஒரு கட்டையைக் கையில் எடுத்து மண்ணைத் தட்டி, "இது உன்ர கொப்பர் நட்டது" என்றார், எனக்குத்தான். நான் வாய் திறக்கவில்லை.

இருவரும் பின்வாங்கினோம். பிடுங்கிய தூண்களுக்கு நான் காசு கொடுத்தேன். அளவும் படமும் போட்டு எழுதிக் கையெழுத்து வைத்தோம்; ஒரு பிரதி கிராம அலுவலரிடம், ஒன்று என் பெர்மிட்டோடு.

இரண்டடிக்கு இவ்வளவு விசாரணை. எங்கள் மாமாவின் வயலுக்குள் ஒரு திணைக்களம் எல்லைக்கல் நட்டு, காடு என்று சொல்லிவிட்டுப் போனது. 1980களில் அவர் விதைத்த வயல் அது. இடம்பெயர்ந்திருந்தபோது பற்றை வளர்ந்தது அவர் பிழையா? அந்தக் கல்லுக்கு எந்த வாத்தியாரைக் கூப்பிடுவது? சரி, நீங்கள் அதைக் கேட்கவில்லை.

உங்களுடையது உறுதியா, பெர்மிட்டா? அதைச் சொல்லுங்கள், மிச்சம் எழுதுகிறேன்.