ஸ்டெம் செல்லை உருண்டையாக வளர்ப்பது எதற்கு? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மொரீஷியஸ் அன்பர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ரோஸ் ஹில் அக்கா: சாதாரணத் தட்டில் வளர்த்தால் என்ன குறை?

ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். பிளாஸ்டிக் தட்டில் அது சப்பையாகப் பரவி ஒட்டிக்கொள்கிறது, அக்கா. அது இயல்பாக வாழும் எலும்பு மஜ்ஜையிலோ நாலா பக்கமும் மற்ற செல்களும் நார்ப்புரதங்களும் சூழ்ந்திருக்கும். தட்டில் பெருக்கப் பெருக்க செல் பருத்து, திறனும் மங்குகிறது. இரத்தத்தில் ஏற்றினால் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிக்கொள்ளும்.

போர்ட் லூயி தம்பி (கல்லூரி மாணவர்): உருண்டை எப்படி உருவாகிறது?

எளிய வழி தொங்கு துளி. தட்டின் மூடியில் சுமார் 30 மைக்ரோலிட்டர் (0.03 மில்லிலிட்டர்) ஊட்டத் திரவத் துளிகளை இடு. ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் செல்கள் இருக்கட்டும். மூடியை மெதுவாகக் கவிழ்த்தாலும் துளி விழாது. செல்கள் அதன் அடிமுனைக்கு இறங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, ஓரிரு நாளில் கெட்டியாகத் திரண்டுவிடும். கீழ்த்தட்டில் கொஞ்சம் உப்புக் கரைசல் விட்டுவை, இல்லையென்றால் துளி காய்ந்துபோகும். 1907-இல் அமெரிக்க உயிரியலாளர் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை வளர்த்ததும் இப்படித்தான்.

உருண்டைக்குள் செல்கள் சிறுத்து, அழற்சியைத் தணிக்கும் டிஎஸ்ஜி-6 என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் டார்வின் பிராக்கப் குழுவினர் 2010-இல் இதைக் காட்டினார்கள். அதற்காக உருண்டையைப் பெரிதாக்கிவிடாதே. ஆக்சிஜன் சுமார் 0.2 மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். அதற்கு உள்ளே இருப்பவை செத்துவிடும்.

கத்ர் போர்ன் ஐயா: சர்க்கரையால் கால் புண் ஆறவில்லை. இது எனக்கு உதவுமா?

இன்றைக்கு இல்லை, ஐயா. ஆனால் நம்பிக்கை தரும் வேலை நம் தீவிலேயே நடக்கிறது. மொரீஷியஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரும்புச் சக்கையிலிருந்து செல்லுலோஸை எடுத்து, மின்னழுத்தத்தால் இழுத்து, முடியைவிடப் பல மடங்கு மெல்லிய நார்ப்பாயாக்குகிறார்கள். அதன் இடுக்குகளில் தோல் செல்கள் புகுந்து வளர்கின்றன. 2020-இல் வெளியான அவர்களது ஆய்வில் புது இரத்தக் குழாய்கள் உருவாவதும் அழற்சி குறைவதும் தெரிந்தன. அது ஸ்டெம் செல் சிகிச்சை இல்லை என்றாலும், தட்டையாக இல்லாமல் நாலா பக்கமும் இடமிருக்கும் முப்பரிமாண அமைப்பில் செல்லை வளர்ப்பது என்ற அடிப்படை ஒன்றுதான். நம் பாட்டன்மார் முதுகொடிய வெட்டிய கரும்பின் சக்கை ஒருநாள் இங்குள்ளவர்களின் காலைக் காப்பாற்றினால் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். அப்புறம், புண்ணோடு காவடிக்கு வெறுங்காலில் நடக்க வேண்டாம். மரத்துப்போன பாதத்துக்குத் தைப்பூச வெயிலில் தார்ச்சாலை சுடுவது தெரியாது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாஹேபூர் அன்பர்: மூட்டு வலிக்கு வெளிநாட்டு கிளினிக் ஒன்று ஸ்டெம் செல் ஊசி போடுகிறதாம். பணம் கட்டலாமா?

இப்போது கட்டாதீர்கள். இரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கு மஜ்ஜை மாற்று பல்லாண்டுகளாக நிரூபணமான சிகிச்சை; அதிலும் வேலை செய்வது ஸ்டெம் செல்தான். மூட்டுக்கு அந்த அளவு ஆதாரம் இன்னும் வரவில்லை. செல் யாருடையது, எப்படி வளர்த்தது, எத்தனை முறை பெருக்கியது, எந்த அரசு அமைப்பு அனுமதித்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.