மகளுக்கு எந்த ஜிம்? மாதக் கட்டணத்தில் தெரியாத கணக்கு

கேள்வி: டெக்சாஸில் ஃபிரிஸ்கோ பக்கம் இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது. மூன்று வருடமாகப் பொழுதுபோக்கு வகுப்பில் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றவளை இப்போது இரண்டு ஜிம்கள் போட்டிக் குழுவில் சேரச் சொல்கின்றன. முதலாவது பெரிய ஜிம், 22 மைல் தூரம். லெவல் 3 குழு (ஒன்று முதல் பத்து வரை ஏறும் வழக்கமான போட்டி வரிசையில் மூன்றாம் படி), வாரம் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், மாதம் 285 டாலர். இரண்டாவது வீட்டிலிருந்து ஆறு மைல். எக்செல் சில்வர் குழு (எக்செல் என்பது லெவல் வரிசைக்கு இணையாக, விதிகள் தளர்வாக உள்ள போட்டிப் பிரிவு), வாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டரை மணி நேரம், மாதம் 340 டாலர். "பெரிய ஜிம்மில் மணிக்கு எட்டு டாலர்கூட ஆகவில்லை, பக்கத்து ஜிம்மில் பதினேழு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாளைக்கு காலேஜ் ஸ்காலர்ஷிப்பும் கிடைக்கும்" என்கிறார் கணவர். அவருக்கு எச்1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த எச்4 விசாவில் இஏடி என்ற வேலை அனுமதி. இருவரும் வேலைக்குப் போகிறோம். மூன்று வயதில் ஒரு மகன். ஊருக்கு அனுப்புவது, வீட்டுக் கடன் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 6,500 டாலர். அதுபோக 1,400 மிஞ்சும். பேங்க்கில் 9,000 இருக்கிறது. இரண்டு ஜிம்களும் கொடுத்த கட்டணத் தாள்களை இணைத்திருக்கிறேன். எதில் சேர்க்கலாம்?

பதில்: தாள்களை இணைத்தது நல்லதாகப் போயிற்று. மாதக் கட்டணத்தை மட்டும் எழுதியிருந்தால் நானும் உங்கள் கணவர் பக்கம்தான் பேசியிருப்பேன்.

பெரிய ஜிம்மின் தாளில் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். பதிவுக் கட்டணம் 75. ஆறு போட்டிகளின் நுழைவுக் கட்டணமும் கோச்சுகளின் செலவும் சேர்ந்த டீம் ஃபீஸ் 1,150. போட்டியில் போடும் ஒட்டிய உடையான லியோடார்ட், வார்ம்அப் உடை, பை 420. கட்டாய சம்மர் கேம்ப் 400. குழுவுக்கு நிதி திரட்டும் பெற்றோர் சங்கமான பூஸ்டர் கிளப்பின் சந்தா 300. நிதி திரட்டும் வேலையில் உங்கள் பங்கு 500. பொருள் விற்று ஈட்டலாம், முடியாவிட்டால் கையிலிருந்து கட்ட வேண்டும். நமக்கு அக்கம்பக்கத்தில் மிட்டாய்ப் பெட்டி விற்கும் பழக்கம் இல்லை, பெரும்பாலும் கையிலிருந்துதான் போகும். பன்னிரண்டு மாத டியூஷன் 3,420உடன் கூட்டினால் 6,265 டாலர்.

ஜிம்முக்குக் கட்டுவது அவ்வளவுதான். அந்த ஆறு போட்டிகளில் ஹூஸ்டனும் சான் அன்டோனியோவும் கட்டாயம் என்று போட்டிருக்கிறது. நால்வராகப் போய் ஓர் இரவாவது தங்கிச் சாப்பிட்டு வர, ஒரு பயணத்துக்கு 600 டாலர் என்று வைத்திருக்கிறேன். போட்டி நடக்கும் வாரஇறுதியில் ஹோட்டல் விலை தெரிந்தவர்கள் இதைக் குறைவு என்பார்கள். ஆக 1,200. பிறகு கார். போக வர 44 மைல், வாரம் மூன்று நாள், ஆண்டுக்கு 48 வாரம்: 6,336 மைல். 2025ஆம் ஆண்டின் தொழில் பயணத்துக்கு அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். மைலுக்கு 70 சென்ட் கணக்கு வைத்தது. இன்சூரன்ஸும் தேய்மானமும் அதில் சேர்ந்திருப்பதால் அவ்வளவு வேண்டாம், பெட்ரோல், டயர், ஆயிலுக்கு மட்டும் 30 சென்ட் எடுத்தாலே 1,900 வருகிறது. பெண்ணை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து திரும்பப் போனால் இது இரட்டிப்பாகும். அங்கேயே காத்திருந்தால் வாரம் மூன்று மாலையும் ஒருவர் வீட்டில் இருக்க மாட்டார். மூன்று வயதுப் பையனுக்குச் சோறு ஊட்டித் தூங்க வைப்பது யார் என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. அதற்கு நானும் விலை போடவில்லை.

மொத்தம் 9,365 டாலர்.

பக்கத்து ஜிம்மின் 340க்குள் நான்கு உள்ளூர் போட்டிகளின் கட்டணமும் அடங்கிவிடுகிறது. பதிவு 60, லியோடார்ட் 260. பூஸ்டர் கிளப் இல்லை, வெளியூர்ப் போட்டி இல்லை. கார் செலவு 345. மொத்தம் 4,745. மணிக்கணக்கில்தான் பார்க்க வேண்டும் என்றால், பெரிய ஜிம்மில் ஆண்டுக்கு 432 மணி நேரம், மணிக்கு ஏறக்குறைய 21 டாலர் 70 சென்ட். பக்கத்தில் 240 மணி நேரம், மணிக்கு 19 டாலர் 80 சென்ட். எட்டும் பதினேழும் எங்கே போயின என்று கணவரிடம் கேளுங்கள்.

அந்த 432 மணி நேரத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒரு மாலை போய் உட்கார்ந்து பாருங்கள். சமநிலைக் கட்டையான ஒரு பீமுக்கு முன்னால் எட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒவ்வொருத்தியும் ஏறி இறங்க ஒரு நிமிடம் ஆனால், உங்கள் மகள் எட்டு நிமிடத்தில் ஏழு நிமிடம் நின்றுகொண்டிருப்பாள். நல்ல கோச் அந்த ஏழு நிமிடத்துக்கும் தரையில் போட்ட தாழ்ந்த பீமில், சுவரோரத்தில் ஏதாவது வேலை கொடுத்து வைத்திருப்பார். வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் கைகால் என்ன செய்கிறது என்று பார்த்தாலே போதும், எந்த ஜிம் வாங்கும் காசுக்கு ஏற்ற வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். பார்வையாளர் உள்ளே வரக்கூடாது என்று ஒரு ஜிம் சொன்னால் அந்தத் தாளை அப்போதே மடித்து வைத்துவிடுங்கள். தேசிய அணியின் மருத்துவராக இருந்த லேரி நாசர் பெண் பிள்ளைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்திய விவகாரத்துக்குப் பிறகு 380 மில்லியன் டாலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்த விளையாட்டு இது. பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியாக இருக்கும் எந்த நேரமும் பிறர் கண்ணில் படும்படியும் குறுக்கிடும்படியும் இருக்க வேண்டும் என்பது இப்போது விதி. கோச்சின் பெயரை, விளையாட்டில் நடக்கும் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் சேஃப்ஸ்போர்ட் மையத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். பொதுவில் இருக்கிறது, இலவசம்.

இனி உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். என் கவலை அங்கேதான்.

எச்4 இஏடி கணவரின் எச்1பியை ஒட்டியே நிற்கிறது. அதனால் பார்க்க இரண்டு சம்பளம், உண்மையில் ஒரே விசா. அவர் வேலை போனால், வேறு வேலை தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள் அவகாசம். கையிலிருக்கும் 9,000 உங்கள் செலவுக்கு ஒன்றரை மாதம்கூடத் தாங்காது. ஆறு மாதச் செலவு 39,000. இன்னும் 30,000 சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு மிஞ்சும் 16,800இல் பெரிய ஜிம்முக்குக் கொடுத்தது போக 7,435 நிற்கும். முப்பதாயிரம் சேர நான்கு ஆண்டு. பக்கத்து ஜிம் என்றால் 12,055 நிற்கும், இரண்டரை ஆண்டு. விசாவில் இருக்கும் குடும்பத்துக்கு அந்த ஒன்றரை ஆண்டு சின்ன விஷயம் இல்லை.

பெரிய ஜிம்மின் ஒப்பந்தத்தையும் இந்தக் கண்ணோடு படியுங்கள். ஜூன் முதல் மே வரை ஒரு சீசன். நடுவில் விலகினால் டீம் ஃபீஸ் திரும்ப வராது, அதோடு 60 நாள் முன்னறிவிப்புக்கான டியூஷனும் கட்ட வேண்டும். வேலை போன அன்றே கடிதம் கொடுத்தாலும், ஜிம் உங்களை விடும் நாளில் விசா அவகாசமும் முடிந்திருக்கும். பக்கத்து ஜிம் கேட்பது 30 நாள்.

அடுத்து ஸ்காலர்ஷிப். அப்பாமார்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1இல் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் குழு வைத்திருக்கும் கல்லூரிகள் சுமார் 60. முன்பு ஒரு குழுவுக்கு 12 முழு ஸ்காலர்ஷிப். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகள் குழுவில் 20 பேர் வரை வைக்கலாம், அத்தனை பேருக்கும் பணம் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. எல்லாக் கல்லூரியும் இருபதையும் நிரப்பிப் பணமும் கொடுத்தால்கூட, கல்லூரியின் நான்கு ஆண்டு மாணவிகளுக்கும் சேர்த்து 1,200 இடம், ஆண்டுக்குப் புதிதாக 300 சொச்சம். நாடு முழுவதும் லெவல் 10 பெண்கள் மட்டுமல்ல, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் அதற்குத்தான் நிற்கிறார்கள். டிவிஷன் 3இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

தந்தை வழியில் இந்தியரான மோகினி பரத்வாஜை எடுத்துக்கொள்ளுங்கள். 13 வயதில் வீட்டைவிட்டுப் பயிற்சிக்காக வேறு ஊர் போனார், யு.சி.எல்.ஏ.வில் ஸ்காலர்ஷிப்பில் படித்தார், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குழுவோடு வெள்ளி வாங்கினார். அந்த ஒலிம்பிக்குக்குத் தயாராகும்போதும் கையில் பணமில்லாமல் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தவர். நடிகை பமீலா ஆண்டர்சன் 20,000 டாலர் கொடுத்துதான் பயிற்சி ஓடியது. உச்சிக்குப் போனவர் நிலையே இதுவென்றால், லெவல் 3இல் சேர்வதைக் கல்லூரிச் சேமிப்பு என்று எப்படி எழுதுவது?

இரண்டு ஜிம்களுக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 385 டாலர். முதல் இரண்டரை ஆண்டு அது அவசர நிதிக்குப் போகட்டும். அதன்பின் அவளுக்கு 18 ஆகும்வரை எட்டு ஆண்டு, படிப்புக்கான வரிச் சலுகைச் சேமிப்பான 529 கணக்கில் போட்டால், ஆண்டுக்கு 6 சதவீதம் வளரும் என்ற அனுமானத்தில் 47,000 டாலர் அளவுக்குச் சேரும். நீங்கள் போடுவது 37,000. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் போடும்போது சலுகை கிடையாது, படிப்புக்கு எடுக்கும்போது வளர்ச்சிக்கு வரி இல்லை. ஒரு முள் இருக்கிறது. நீங்கள் ஊர் திரும்பி, அவள் அமெரிக்க அரசின் கல்வி உதவிப் பட்டியலில் இல்லாத கல்லூரியில் சேர்ந்தால், அந்த வளர்ச்சிக்கு வருமான வரியும் 10 சதவீத அபராதமும் உண்டு. அதனால்தான் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களிடம் 529ஐ முதலில் தொடங்கச் சொல்வதில்லை. ஜிம் கட்டணத்துக்கு 529இலிருந்து எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள், கூடாது.

வரியில் கிடைக்கக்கூடியது ஒன்று உண்டு. இருவரும் வேலைக்குப் போவதால், 13 வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் பகல் நேர சம்மர் கேம்ப் செலவு டிபெண்டன்ட் கேர் எஃப்.எஸ்.ஏ.வில், அதாவது பிள்ளை பராமரிப்புக்காகச் சம்பளத்திலிருந்து வரிக்கு முன் ஒதுக்கும் கணக்கில், சேரும். அது விளையாட்டு கேம்ப்பாக இருந்தாலும் சரி. இரவு தங்கும் கேம்ப் சேராது, மாத டியூஷனும் சேராது. உச்சவரம்பு 2025 வரை 5,000 டாலர், 2026 முதல் 7,500. மகனின் டே கேரும் இதே வரம்புக்குள்தான்.

பூஸ்டர் கிளப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் விற்றுக் கொடுக்கும் லாபம் "உங்கள் கணக்கில்" வரவாகி உங்கள் மகளின் கட்டணத்தைக் குறைக்கும் என்று தாளில் இருக்கிறது. கேட்க இனிப்பாக இருக்கும். வர்ஜீனியாவில் இப்படியே நடத்திய கேப்பிட்டல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் வரிவிலக்கை இழந்தது. 2013இல் வரி நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வரிவிலக்கு பெற்ற சங்கம் திரட்டும் பணம் பொதுவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போக வேண்டும், விற்றவர் வீட்டுக்கு மட்டும் போகக்கூடாது என்பதே சாரம். இன்றும் அந்த முறையை அச்சடித்துக் கொடுக்கும் கிளப், தன் கணக்கை யாரிடமும் காட்டிக் கேட்டதில்லை என்றே நினைக்கிறேன்.

ஆக, ஓராண்டுக்கு பக்கத்து ஜிம். எக்செல்லில் போனால் கதவு மூடிவிடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். ஏழு வயதில் ஓராண்டில் மூடாது. எக்செல்லிலிருந்து லெவல் வரிசைக்கு மாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தானாக நடக்காது என்பது உண்மை. எனவே சேர்வதற்கு முன் பக்கத்து ஜிம் கோச்சிடம், "போன மூன்று ஆண்டில் உங்களிடமிருந்து எத்தனை பேர் லெவல் வரிசைக்கு மாறினார்கள்?" என்று கேளுங்கள். பெரிய ஜிம்முக்கு மறுப்புச் சொல்லும் மின்னஞ்சலிலேயே அடுத்த ஆண்டு டிரைஅவுட் எப்போது என்று கேட்டு வைத்துவிடுங்கள். அதற்குள் அவளே வாரம் ஐந்து மணி நேரம் போதாது என்று அழுதால், அவசர நிதி எங்கே நிற்கிறது என்று பார்த்து முடிவெடுக்கலாம். அப்போதும் தெரிந்தே போங்கள்: லெவல் 5 வரை எல்லோருக்கும் ஒரே ஆட்டம், ஒரே இசை. லெவல் 6லிருந்து ஒவ்வொருத்திக்கும் தனி நடன அமைப்பு, தனி இசை. அந்தச் செலவு இந்தத் தாளில் இல்லை.

கடைசியாக, அலுவலகத்தில் ஆண்டுதோறும் காப்பீடு தேர்ந்தெடுக்கும் ஓப்பன் என்ரோல்மென்ட்டில், டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நீங்களே கட்டும் தொகை) அதிகமான மருத்துவத் திட்டத்தை எடுத்திருந்தால், மகளின் டிடக்டிபிள் அளவுக்காவது மருத்துவச் செலவுக்கான வரிச் சலுகைச் சேமிப்பான எச்.எஸ்.ஏ.வில் பணம் வைத்துக்கொண்டு முதல் போட்டிக்கு அனுப்புங்கள். பார்ஸ் என்ற கம்பியிலிருந்து கை வழுக்கினால் எக்ஸ்ரே எடுக்க யாரும் டீம் ஃபீஸில் சேர்த்துக்கொள்வதில்லை.