சூப்பர் ஹீரோ பொம்மை வண்டிகளைச் சேர்க்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது? பிற்பாடு விலை ஏறுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள். பெட்டியைத் திறக்காமல் பீரோவுக்குள் பூட்டி வைக்கிறவர்களுக்கு ஒருவேளை ஏறலாம். நான் அந்த ஜாதி இல்லை. ஒரு பவுண்டு நாணயம்கூட இதுவரை இதில் சம்பாதித்ததில்லை.

நான் இருப்பது வேல்ஸில், ஸ்வான்சி நகரத்தில். ஊரைச் சொல்லக் காரணம் உண்டு. பேட்மேன் காரைப் பொம்மையாகச் செய்து உலகமெல்லாம் அனுப்பிய கார்கி தொழிற்சாலை இந்த ஊரின் ஃபாரஸ்ட்வாக் பகுதியில்தான் இருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த பிலிப் உல்மன் 1933-இல் நார்தாம்ப்டனில் தொடங்கிய மெட்டாய் கம்பெனி பிறகு இங்கே தொழிற்சாலை வைத்து, 1956-இல் கார்கி என்ற பெயரில் குட்டிக் கார்களை இறக்கியது. கார்கி என்பது இந்த ஊர்ப்பக்கத்துக் குட்டைக்கால் நாய். அப்போது சந்தையில் கொடிகட்டிப் பறந்த, டிங்கி என்ற போட்டிக் கம்பெனியின் குட்டிக் கார்களில் ஜன்னல் வெறும் ஓட்டைதான். கார்கி அதில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கைப் பதித்து, அதையே விளம்பரமாக்கியது. 1983-இல் மெட்டாய் நொடித்துப்போனது. ஆனால் ஊரில் பரண்கள் இருக்கின்றனவே. ஞாயிற்றுக்கிழமை கார் டிக்கியைத் திறந்து வைத்து வீட்டுச் சாமான்களை விற்கும் சந்தைகளில் இன்னும் கிடைக்கின்றன.

என் முதல் வண்டி அப்படிக் கிடைத்ததுதான்: 1966-இல் வெளிவந்த பேட்மொபில், அதாவது பேட்மேன் கார், கார்கி பட்டியலில் எண் 267. கையில் எடுத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். முன்னால் இருக்கும் வௌவால் சின்னத்தை அழுத்தினால் சங்கிலி அறுக்கும் கத்தி மூக்கிலிருந்து வெளியே பாயும். பின்னால் ஒரு சின்னச் சக்கரத்தைத் திருகினால் மூன்று குழாய்களிலிருந்து மஞ்சள் ராக்கெட்டுகள் பறக்கும். வண்டியைத் தரையில் உருட்டினால் புகைபோக்கியில் சிவப்புத் தீநாக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வரும். உள்ளங்கை நீள வண்டிக்குள் இத்தனையும் பேட்டரி இல்லாமல். படத்தில் ஓடிய நிஜக் காரே லிங்கன் ஃபியூச்சுரா என்ற 1955-ஆம் வருடத்துக் கண்காட்சிக் காரை ஜார்ஜ் பாரிஸ் வெட்டி ஒட்டிச் செய்ததுதான். பொம்மை செய்தவர்கள் அதைவிட அதிகம் யோசித்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அதைக் கொண்டுவந்து காட்டியபோது என் மனைவி ரசித்தாள். அடுத்த மாதம் சூப்பர்மேன் வண்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். அவள் பொள்ளாச்சிக்காரி. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பறக்கறவனுக்கு எதுக்குங்க வண்டி?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்தேன். விஷயம் நான் நினைத்ததைவிட சுவாரசியமாக இருந்தது. பேட்மேனுக்குச் சக்தி கிடையாது, அவனுக்குக் கார் வேண்டும், நியாயம். சூப்பர்மேனுக்கு? 1978-இல் காமிக்ஸில் அவனுடைய சக்தி தற்காலிகமாகப் போய்விடுகிறது. உடனே சூப்பர்மேனியம் என்ற உலோகத்தில் வண்டி ஒன்றைச் செய்துகொள்கிறான், முன்பக்கம் இரண்டு முஷ்டிகளோடு. மறுவருடமே கார்கியின் சூப்பர்மொபில் கடைக்கு வந்துவிட்டது, குத்துவிடும் அதே முஷ்டிகளோடு. ஸ்பைடர்மேன் கதை இன்னும் வெளிப்படை. பொம்மைக்காரர்களுக்கு ஸ்பைடர்மேன் கார் தேவைப்பட்டது. கட்டடத்துக்குக் கட்டடம் நூல்விட்டுத் தாவுகிறவனுக்கு, நியூயார்க் நெரிசலில், 1974-இல் ஒரு கார் வந்து சேர்ந்தது. கதையில் அதற்குச் சொன்ன சாக்கு: புகை கக்காத எஞ்சினுக்கு விளம்பரம் செய்ய ஒரு மோட்டார் கம்பெனி அவனைக் கேட்கிறதாம். எழுதியவர்களுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது, ஒரே வருடத்துக்குள் அந்தக் காரை ஆற்றில் தள்ளிவிட்டார்கள்.

அன்றைக்கே என் சேகரிப்புக்கு ஒரு விதி கிடைத்துவிட்டது. வண்டியே தேவைப்படாத ஹீரோக்களின் வண்டிகளை மட்டும் வாங்குவது. பேட்மொபில் விதிக்கு வெளியே. முதல் பிள்ளை என்பதால் விட்டுவைத்தேன்.

உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: எல்லாவற்றையும் சேர்க்கக் கிளம்பாதீர்கள். பேட்மொபில் ஒன்றிலேயே எத்தனையோ வகை. ஹாட்வீல்ஸ் பக்கம் போனால் ஹீரோக்களையே கார்களாக மாற்றி வரிசை வரிசையாக விடுகிறார்கள், பர்ஸும் தாங்காது, அலமாரியும் தாங்காது. கோணலாக இருந்தாலும் சரி, ஒரு விதி வேண்டும். என் விதிக்குள் வருகிறவை அதிகமில்லை. 1970-களின் கடைசியில் கார்கி விட்டவையே எனக்குப் போதும்: ஸ்பைடர்மேனுக்கு பைக், வேன், ஹெலிகாப்டர், சூப்பர்மேனுக்கு ஒரு வேன், கேப்டன் அமெரிக்காவுக்கு ஜெட்மொபில். இவற்றில் எனக்குச் செல்லம் ஹல்க் வண்டி. மஸ்டா பிக்கப் ஒன்றின் முதுகில் கூண்டு, அதற்குள் பச்சையாக ஹல்க். ஒரே தாவலில் மலை தாண்டுகிறவனைக் கூண்டில் ஏற்றிப் போகிறார்களே, அதுவும் அவன் பெயரிலேயே வண்டி! யார் ஓட்டுகிறார்கள், எங்கே கொண்டுபோகிறார்கள், ஒன்றும் தெரியாது. 15 பவுண்டுக்கு வாங்கினேன்.

வாங்கும்போது நான் ஏமாந்ததையும் சொல்லிவிட வேண்டும். இணைய ஏலத்தில் ஒரு பேட்மொபிலைப் படத்தில் பார்த்து மயங்கிவிட்டேன். கீறல் இல்லை, கறுப்புப் பளபளப்பு, பேட்மேனும் ராபினும் முழுசாக, ராக்கெட் உட்பட. என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருப்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. 140 பவுண்டு. வந்ததும் கவிழ்த்துப் பார்த்தேன். அடித்தட்டை வண்டியோடு சேர்த்து அறைந்திருக்கும் ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்குரூ. அதாவது யாரோ ரிவெட்டைத் துளைபோட்டு எடுத்து, வண்டியைப் பிரித்து, பழைய பெயிண்டைச் சுரண்டிப் புதிதாக அடித்திருக்கிறார்கள். பொம்மைகளும் ராக்கெட்டும் இப்போது வார்த்தெடுத்த நகல்கள். புதுப்பிப்பது குற்றமில்லை, நானே இரண்டு வண்டிகளுக்கு நகல் டயர் போட்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் விற்பதுதான் வயிற்றெரிச்சல். கேட்டதற்கு, "படத்தில் அடிப்பக்கம் காட்டவில்லையே, நீங்கள் கேட்டிருக்கலாமே" என்று பதில் வந்தது. சரி, நியாயமான பாடம்தான்.

ஆகவே அடிப்பக்கப் படம் கேளுங்கள். ஐம்பது வருடத்துப் பெயிண்டு விளிம்புகளில் உதிர்ந்திருக்க வேண்டும், உதிராவிட்டால் சந்தேகப்படுங்கள். பின்னால் இழுவைக் கொக்கி இருக்கிற பேட்மொபிலை "முதல் வருடத்து வண்டி" என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள். பேட்மேனின் பொம்மைப் படகைக் கட்டி இழுப்பதற்காகப் பிற்பாடு சேர்த்தது அந்தக் கொக்கி. பெட்டிகளிலும் அச்சடித்த நகல் உண்டு. வீட்டில் வெயில் படாத இடத்தில் வையுங்கள், ரப்பர் டயர் நேராக பிளாஸ்டிக் தட்டில் படும்படி வருடக்கணக்கில் விட்டால் ஒட்டிக்கொண்டு தட்டையே அரித்துவிடும். ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியைத் தண்ணீரில் கழுவவே வேண்டாம்.

இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது ஒரு வண்டியைக்கூட இல்லை. ஸ்பைடர்பக்கி என்று ஒரு ஜீப், அதன் கிரேனில் ஒரு பை, பைக்குள் பிடிபட்ட கிரீன் காப்ளின், அதாவது ஸ்பைடர்மேனின் பச்சை நிற வில்லன், இருக்க வேண்டும். என்னிடம் ஜீப் இருக்கிறது, கிரேன் இருக்கிறது, பையும் இருக்கிறது, காப்ளின் மட்டும் இல்லை. நகல் வாங்கிப் போட மனசு வரவில்லை. இப்போதைக்கு என் மனைவி அந்தப் பைக்குள் ஒரு ஏலக்காயைப் போட்டு வைத்திருக்கிறாள். "அதுவும் பச்சைதானுங்களே" என்கிறாள்.