ஐயர் கடிதம் மட்டும் போதுமா?

கேள்வி: நாசரேத் பக்கத்துக் கிராமம் எங்களுக்கு. எம்.ஏ. பொருளாதாரம், 68 சதவீதம். கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. "ஐயர்கிட்ட கடிதம் வாங்கிட்டுப் போய்ப் பார்ப்போம்" என்கிறார் அப்பா. (ஐயர் என்றால் எங்கள் சபைப் போதகர்.) "பணம் இல்லாம நடக்காது" என்கிறார் மாமா. கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் இரண்டு தடவை போய்விட்டது. ஒரு கல்லூரியில் அரசு உதவியில்லாத செல்ஃப் பைனான்ஸ் (சுயநிதி) பிரிவுக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா? அல்லது பி.எச்டி. சேரட்டுமா?
- 25 வயது வாசகி

அன்பு மகளே,

ஐயரவர்களிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள், தப்பில்லை. சிறுபான்மைக் கல்லூரிகள் சில அதைக் கேட்கும். ஆனால் அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு நமக்குக் கல்லூரி நடத்தும் உரிமையைத்தான் தந்திருக்கிறது. ஆசிரியரின் தகுதியைக் குறைத்துக்கொள்ள அதில் இடமில்லை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், அது உன்னிடம் இருக்கிறது. மிச்சம் நெட் அல்லது மாநில அளவில் நடக்கும் செட் தேர்வு. உதவிப் பேராசிரியர் வேலைக்கு பி.எச்டி. கட்டாயமில்லை என்று 2023 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லிவிட்டது. அதனால் ஆராய்ச்சியை ஆசைப்பட்டுச் செய், பயந்துபோய்ச் சேராதே.

நெட்டில் முதல் தாளுக்கு 50 கேள்வி, பாடத்தாளுக்கு 100. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். நம் பிள்ளைகள் பாடத்தை உருப்போட்டுவிட்டு முதல் தாளில் கோட்டை விடுகிறார்கள். கற்பித்தல் திறன், தர்க்கம், அட்டவணைக் கணக்கு எல்லாம் அதில்தான் வரும். தினம் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்கு.

இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். நானும் பொருளாதாரம் நடத்தியவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சந்தைச் சமநிலையை அழகான இங்கிலீஷில் நடத்தினேன். வகுப்பு அமைதியாக இருந்தது, எனக்குப் பெருமையாக இருந்தது. மணி அடித்ததும் கடைசி பெஞ்சுப் பெண்ணின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் பேசியதை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். சமநிலைக்கு நான் சொன்ன "ஈக்குலிபிரியம்" ஐந்தாறு இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவள். முக்கால் மணி நேரம் அவள் காதில் வெறும் சத்தம்தான் விழுந்திருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் உடன்குடி கருப்பட்டியோடு போனேன். பதநீர் அதிகமாக இறங்கும் மாதத்தில் விலை என்ன, சீசன் முடிந்தால் என்ன என்று கேட்டேன். அந்தப் பெண்ணே பதில் சொன்னாள், அவள் அப்பா பனையேறி. அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் வரைபடம் போட்டேன், பிறகுதான் இங்கிலீஷ் வார்த்தை.

இந்தப் பக்குவத்துக்குத்தான் நீ தயாராக வேண்டும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1837-இல் ஒரு பள்ளிக்கூடமாகத்தான் ஆரம்பித்தது. மதுரையில் அமெரிக்கன் கல்லூரி 1881, லேடி டோக் 1948. படிப்பு எட்டாத வீடுகளுக்கு அதைக் கொண்டுபோன வரலாறு நம் கல்லூரிகளுக்கு உண்டு. காலை ஜெபக்கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசத் தெரிந்திருக்கட்டும், ஆனால் வகுப்பைப் பிரசங்க மேடையாக்காதே. உன் முன்னால் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நோட்டைத் திருத்தும் பொறுமையில் உன் விசுவாசம் தெரிந்தால் எனக்குப் போதும்.

செல்ஃப் பைனான்ஸ் வேலைக்குப் போ. சம்பளம் குறைவுதான், பழக்கம் வரும். சேருமுன் நியமன ஆணையை எழுத்தில் கேள். ஏப்ரல், மே மாதச் சம்பளம் உண்டா என்று கேள். ஒரிஜினல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் விட்டுவிட்டு வராதே, சரிபார்த்ததும் கையோடு வாங்கிவிடு. நெட்டுக்குப் படிக்க நேரமே இல்லாதபடி வேலையை ஏற்றினால் ஒரு வருடத்தில் விலகு. அரசு சம்பளம் தரும் எய்டட் (அரசு உதவி பெறும்) இடம் காலியானால் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பி. அந்த இடம் அரசு அனுமதித்ததா என்று நேரிலேயே விசாரி.

பணம் கொடுக்காதே மகளே. என்னிடமும் ஓரிடத்தில் கேட்டார்கள். அப்பா இருந்த ஒரே வயலை விற்கத் தயாரானார். நான் மறுத்தேன். இரண்டு வருடம் டியூஷன் எடுத்துக் காத்திருந்தேன். வேறு கல்லூரியில் ஒரு பைசா கொடுக்காமல் வேலை கிடைத்தது. அந்த வயலில் இன்றும் என் தம்பி நெல் போடுகிறான்.

வேலைத் தேர்வில் நடத்திக் காட்டச் சொல்லும் டெமோ கிளாஸ் பயம் போக வேண்டுமென்றால் வருகிற ஞாயிறே ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பைக் கேட்டு வாங்கு. எட்டு வயதுப் பிள்ளைகள் முகத்துக்கு நேரே "புரியல அக்கா" என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த நெட் முடிவு வந்ததும் எனக்கு எழுது.