கறுப்பு வெள்ளையில் நிலக்காட்சி எடுத்தால் ஏன் எல்லாம் ஒரே சாம்பலாக வருகிறது?

நேரில் அத்தனை அழகாக இருந்த மலையும் மரமும் கறுப்பு வெள்ளையில் சப்பென்று ஆகிவிடுகின்றன, கான்ட்ராஸ்டை, அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை, கூட்டினால் கரி பூசியதுபோல் ஆகிவிடுகிறது, வெளிச்சத்தையும் இருளையும் எப்படித்தான் கையாள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியோடு நானும் வெகுநாள் அலைந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்குக் கண் திறந்தது ஒரு மரத்தால். சரிவில் தனியாக நின்ற மரம், இலை தெரியாமல் சிவப்பாகப் பூத்திருந்தது. பின்னால் முழுக்கப் பச்சைக் காடு. இதைவிட எடுப்பான காட்சி கிடைக்காது என்று நினைத்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து திரையில் வண்ணத்தை நீக்கினேன், மரத்தைக் காணவில்லை. காட்டின் சாம்பலும் பூவின் சாம்பலும் ஒன்றோடொன்று கலந்து, கிளை எங்கே முடிகிறது என்று விரல் வைத்துத் தேட வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிரான நிறங்கள். ஆனால் அந்தப் பூவும் அந்த இலையும் ஏறக்குறைய ஒரே அளவு பிரகாசம் கொண்டவை. வண்ணத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பிரகாசம் மட்டுமே. பொதுவான கணக்கில் ஒரு புள்ளியின் பிரகாசத்துக்குப் பச்சை சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் 7 என்று பங்களிக்கின்றன. நம் கண் பச்சைக்கு அதிகம் கூர்மையானது என்பதால் வந்த கணக்கு இது. ஆகவே அடர்ந்த சிவப்பும் நடுத்தரப் பச்சையும் ஒரே சாம்பலில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. உங்கள் மலைக்கும் மரத்துக்கும் இதுதான் நேர்ந்திருக்கும். அந்த நிலையில் கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பயனில்லை. ஒரே சாம்பலில் இருக்கும் இரண்டு பொருள்களை எந்தக் கான்ட்ராஸ்டும் பிரிக்காது. இரண்டையும் சேர்த்தே கறுப்பாக்கும் அல்லது சேர்த்தே வெளுக்கும்.

அன்று படம் பிழைத்ததற்குக் காரணம் ரா (RAW) கோப்பு, அதாவது கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பு. அதில் வண்ணத் தகவல் முழுதும் இருக்கும். கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு ஸ்லைடரை உயர்த்தி, பச்சையையும் மஞ்சளையும் இறக்கினேன். காடு இருண்டு பின்வாங்க, பூக்கள் வெண்மையாக எழுந்து வந்தன. இலைகளைத் திருத்தப் பச்சை ஸ்லைடரை மட்டும் நகர்த்திவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று பலர் குழம்புவார்கள். பெரும்பாலான இலைகளிலும் புல்லிலும் மஞ்சள் நிறையக் கலந்திருப்பதால் முதலில் மஞ்சளைத் தொட்டுப் பாருங்கள்.

ஃபிலிம் காலத்தில் இதே வேலையை லென்ஸின் முன் மாட்டும் வண்ண ஃபில்டர்கள் செய்தன. அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1927இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் உள்ள ஹாஃப் டோம் பாறையை எடுத்த கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த பிறகுதான், பாறையின் முன் நின்று தான் உணர்ந்த கம்பீரம் அந்தப் படத்தில் வராது என்று அவருக்குத் தோன்றியது. மிச்சமிருந்த கடைசிக் கண்ணாடித் தகட்டை (அன்று ஃபிலிமுக்குப் பதில் பயன்பட்டது) அடர்ந்த சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். நீல வானம் கிட்டத்தட்டக் கறுப்பாக, பாறை அதிலிருந்து செதுக்கி எடுத்ததுபோல் நின்றது. வானம் எந்தச் சாம்பலில் வர வேண்டும் என்று ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே அவர் முடிவு செய்துவிட்டார் என்பதுதான் இதில் முக்கியம். சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுப்பதால் நிழல்களையும் கூடவே இருட்டாக்கும். திறந்த வெளியில் நிழலுக்கு வெளிச்சம் பெரும்பாலும் நீல வானத்திலிருந்துதானே வருகிறது.

அடுத்தது மீட்டர், அதாவது காட்சியின் ஒளியை அளக்கும் கருவி. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே ஆக்கப் பார்க்கும். ஒருமுறை விடியற்காலைப் பனிமூட்டத்தில், ஏரிக்கரையில் நின்ற ஒரு பட்ட மரத்தை எடுத்தேன். மீட்டர் சொன்னபடி எடுத்த படத்தில் மூட்டம் அழுக்குத் துணி நிறத்தில் வந்தது. எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் ஒளியை, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) கூட்டி எடுத்தபோதுதான் மூட்டம் மூட்டமாக ஒளிர்ந்தது. படத்தில் பெரும்பகுதி வெளிர் சாம்பல். இருட்டு என்று இருந்தது அந்த மெல்லிய கிளைகள் மட்டுமே. அவ்வளவு சிறிய கறுப்பு, அத்தனை பெரிய வெண்மையைத் தாங்கிப் பிடித்தது. கறும்பாறையை எடுக்கும்போது இதற்கு நேர்மாறாக எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும்.

இதைத்தான் ஆடம்ஸும் இன்னொரு புகைப்படக் கலைஞரான பிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் மண்டல முறையாக வகுத்தார்கள். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10, நடுச் சாம்பல் 5. ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம். காட்சியில் ஓர் இடத்தைக் காட்டி ‘இது 3இல் வரட்டும்’ என்று உங்களால் சொல்ல முடிந்தால் மீட்டர் உங்கள் சொல் கேட்கும். டிஜிட்டலில் ஒன்றை மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள். நிழலைப் பின்னால் ஓரளவு தூக்கிவிடலாம்; வெளுத்துப்போன மேகத்தில் விவரத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. அதனால் மேகத்தைக் காப்பாற்றி எடுங்கள்.

நிழல்களைத் தூக்கலாம் என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிவிடாதீர்கள். இன்று நான் பார்க்கும் படங்களில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். பள்ளத்தாக்கின் அடியிலும் புதருக்குள்ளும் எல்லா விவரமும் தெரிய வேண்டும் என்று யார் கேட்டார்கள்? ஒரு நிழல் முழுக் கறுப்பாகவே இருக்கட்டும். அதன் பக்கத்தில் இருக்கும் நடுச் சாம்பல்கூட அப்போது வெளிச்சமாகத் தெரியும். ஒரு சாம்பலின் மதிப்பை அதன் பக்கத்துச் சாம்பல்தான் தீர்மானிக்கிறது.

அடுக்கடுக்கான மலைகளை எடுக்கும்போது தூர மலைகள் வெளிறித் தெரிவதைக் குறை என்று நினைத்து, திருத்தும் மென்பொருளில் மூட்டம் நீக்கும் கருவியை (Dehaze) இழுத்து விடுகிறார்கள். காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அந்த வெளிறல். முன்மலை கறுப்பு, அடுத்தது சாம்பல், கடைசி மலை வானத்தோடு கரையும் நிலை என்று தொலைவைச் சொல்ல நமக்கு இருக்கும் முக்கியமான வழி அது. நான் அந்தக் கருவியை மலைப்படங்களில் தொடுவதே இல்லை. நீல ஸ்லைடரைச் சற்று உயர்த்தி மூட்டத்தை இன்னும் கூட்டுவேன். வானத்தைக் கறுக்க வைக்க அதே ஸ்லைடரை ஒரேயடியாக இறக்கினால், வானத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வந்துவிடும்.

களத்தில் நின்று இதையெல்லாம் பார்க்க, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு காட்சியைப் பாருங்கள். நிறமும் சிறு விவரங்களும் மங்கி, வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டும் மட்டும் நிற்கும். கேமராவில் முன்னோட்டத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, கோப்பை ராவில் சேமித்தால் இன்னும் எளிது.

உங்களைச் சலிக்க வைத்த அந்த மலைப் படத்தின் ரா கோப்பு இன்னும் இருக்கிறது அல்லவா? அதைத் திறந்து, கான்ட்ராஸ்டைத் தொடாமல், மஞ்சளையும் நீலத்தையும் மட்டும் இரு திசைகளிலும் மெல்ல நகர்த்துங்கள். மரம் மலையிலிருந்து பிரிந்து முன்னால் வரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.