கதைக்குள் ஒரு கடன் கணக்கு

கேள்வி: சுயமுன்னேற்ற நூல்கள் எனக்கு ஒத்துவருவதில்லை. நண்பர் வற்புறுத்தித் தந்த ‘தி ரிச்சஸ்ட் மேன் இன் பாபிலோன்’ நூலும் வெறும் கதைகளாகவே இருக்கிறது. அதைப் படிப்பதால் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஜார்ஜ் கிளாசன் 1920களில் எழுதிய இக்கதைகள், முதலில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வாடிக்கையாளர்களுக்கு வழங்கிய சிறு வெளியீடுகளாக வந்தவை என்பதால், சேமிப்பு உபதேசம் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கும்படி நம் பாட்டிமாரே சொல்லியிருப்பார்கள். அதற்காக இதைப் படிக்க வேண்டியதில்லை. ஆனால், களிமண் பலகையில் எழுதிப் பிழைக்கும் அர்க்காத், தன் முதல் சேமிப்பை நகை வாங்கி வருமாறு ஒரு செங்கல்காரரிடம் கொடுத்தனுப்ப, அவர் கண்ணாடித் துண்டுகளை மணிகளென்று நம்பி வாங்கி வரும் இடம் அருமையானது. தெரியாத தொழிலில் யார் பேச்சையோ நம்பிப் பணம் போடுகிறவர்கள் இன்றும் குறைந்தபாடில்லை.

அதைவிட என்னைக் கவர்ந்தது ஒட்டக வியாபாரி தபசீரின் கதை. அவர் வருமானத்தில் ஏழு பங்கைக் குடும்பத்துக்கும் ஒரு பங்கைச் சேமிப்புக்கும் ஒதுக்கி, மீதி இரண்டு பங்கைப் பௌர்ணமிதோறும் தனக்குக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். அதற்குமுன் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துத் தவணை சொல்லி, சிலரிடம் ஏச்சும் வாங்குகிறார். கடனில் தவிப்பவர்களுக்கு இது நடைமுறைக்கு உகந்த கணக்கு. ஆங்கில நடை பைபிள் பாணியில் பழையது. அலுப்புத் தட்டினால் தபசீரிலிருந்தே தொடங்குங்கள்.