எழுத்தில்லாத நாடா காங்கோ?

கேள்வி: ஆப்பிரிக்க அரசுகள் பற்றிப் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். காங்கோவில் வெள்ளைக்காரர் போகும்வரை அரசும் கிடையாது, எழுத்தும் கிடையாது. ஆணி அடித்த சூனிய பொம்மைகள்தான் அவர்கள் விட்டுப்போன சொத்து. போதாக்குறைக்குத் தங்கள் ஆட்களைத் தாங்களே அடிமைகளாக விற்றவர்கள். இதையெல்லாம் நாம் எதற்குப் படிக்க வேண்டும்?
— வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: அரசு கிடையாது என்பது தவறு. எழுத்து கிடையாது என்பது 15ஆம் நூற்றாண்டின் கடைசிவரைதான் சரி. பொம்மையைப் பற்றி உங்களுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னீர்களே, அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1483இல் போர்ச்சுக்கீசிய மாலுமி டியோகோ காவ் காங்கோ ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது, உள்நாட்டு மேட்டுநிலத்தில் ம்பான்சா கொங்கோ என்ற தலைநகர் இருந்தது. அங்கே ‘மனிகொங்கோ’ என்ற பட்டத்தோடு ஓர் அரசர் இருந்தார். அவருக்குக் கீழே சோயோ, ந்சுண்டி, ம்பாம்பா, ம்பாட்டா என்று மாகாணங்கள், அவற்றுக்கு ஆளுநர்கள், தலைநகருக்கு வந்து சேரும் வரி. நாணயம்கூட அரசர் கையில்தான். லுவாண்டா தீவின் கரையோரக் கடலில் பெண்கள் மூழ்கிக் கூடையில் மணலை அள்ளி வருவார்கள். அதிலிருந்து ‘ந்சிம்பு’ என்ற சின்னஞ்சிறு சிப்பிகளைப் பிரித்து, சலித்து, அளவுவாரியாகத் தரம் பார்ப்பார்கள். ஆயிரம் சிப்பி சேர்ந்தால் ஒரு ஃபுண்டா. அந்தத் தீவில் வேறு எவரும் கைவைக்க முடியாது. நாணயசாலையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பதை அரசு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அவர்கள் நெசவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஃபியா என்ற பனையின் இளங்குருத்தைக் கிழித்து நாரெடுப்பார்கள். நூற்பது கிடையாது, நார்தான் நூல். அதனால் ஓலை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் துணி. சதுரம் சதுரமாக நெய்து பிறகு சேர்த்துத் தைக்க வேண்டும். நெய்த சதுரத்தில் ஊசியால் நாரைக் கோத்து, நுனியை வெட்டி, தேய்த்துத் தேய்த்து வெல்வெட் மாதிரி பூ எழுப்புவார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பற்றி எழுதிய துவார்த்தே பச்செக்கோ பெரைரா, இத்தாலியில்கூட இதைவிட நன்றாகச் செய்வதில்லை என்று எழுதி வைத்தார். அவர் போர்ச்சுக்கீசியர், காங்கோவைப் புகழ வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

இனி எழுத்து. 1491இல் அரசர் ந்சிங்கா அ ந்குவூ ஞானஸ்நானம் பெற்றார். அவர் மகன் ம்வெம்பா அ ந்சிங்கா, அஃபோன்சோ என்ற பெயரில் 1509 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். பள்ளிகள் வைத்தார், உறவுப் பிள்ளைகளை லிஸ்பனுக்குப் படிக்க அனுப்பினார். அவர் மகன் ஹென்ரிக்கே ஆயராகவே ஆனார். அஃபோன்சோ போர்ச்சுக்கல் அரசருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

1526 ஜூலையில் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். உங்கள் வணிகர்கள் நாள்தோறும் எங்கள் ஆட்களைப் பிடித்துப் போகிறார்கள், இந்த மண்ணின் பிள்ளைகளை, பிரபுக்களின் மக்களை, எங்கள் சொந்தக்காரர்களையே பிடிக்கிறார்கள், நாடு காலியாகிறது என்று அதில் முறையிடுகிறார். எங்களுக்கு வேண்டியது பாதிரிமார், பள்ளி ஆசிரியர்கள், பூசைக்கு வேண்டிய திராட்சை ரசமும் மாவும். வேறெதையும் அனுப்ப வேண்டாம், இந்த நாட்டில் அடிமை வியாபாரமே இருக்கக் கூடாது என்கிறார். அக்டோபரில் இன்னொரு கடிதம். மருத்துவர்களும் மருந்து கொடுப்போரும் வேண்டும் என்கிறார். வெள்ளையர் யாரையாவது வாங்க வேண்டுமென்றால் முதலில் மூன்று அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும், பிடிபட்டவர் உண்மையிலேயே போர்க்கைதியா சுதந்திர மனிதரா என்று அவர்கள் விசாரிப்பார்கள் என்று ஓர் ஏற்பாட்டையும் சொல்கிறார்.

ஜூலையில் ‘கூடவே கூடாது’ என்றவர் அக்டோபரில் ‘விசாரித்துவிட்டு வாங்கு’ என்கிறார். உங்கள் பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது. அஃபோன்சோ போருக்குப் போனார், கைதிகளை விற்றார், லிஸ்பனுக்கு அடிமைகளைக் காணிக்கையாகவும் அனுப்பினார். அதை மறைக்க மாட்டேன். ஆனால் ‘தங்கள் ஆட்களை விற்றார்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்லும்போது, தன் குடிகளைக் காப்பாற்ற சட்டத்தாலும் கடிதத்தாலும் முட்டி மோதிய ஓர் அரசர் காணாமல் போகிறார். கைதி வேறு, குடிமகன் வேறு என்று அவர் போட்ட கோட்டை அழித்தது யார்? கடற்கரையில் காத்திருந்த கப்பல். வாங்குகிறவனை விட்டுவிட்டு விற்றவனை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள்.

நமக்கும் அங்கே ஓர் உறவு உண்டு. மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற சேசு சபைப் பாதிரியார் போர்ச்சுக்கீசிய மொழியில் எழுதிய மறைக்கல்வி நூலைத்தான் அண்டிரிக் அடிகளார் தமிழாக்கி 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்று அச்சிட்டார். அதே நூல் கிகொங்கோ மொழியில், வரிக்கு வரி போர்ச்சுக்கீசியம் சேர்த்து, 1624இல் லிஸ்பனில் அச்சேறியது. தமிழ்ப் பிள்ளையும் காங்கோப் பிள்ளையும் ஒரே பாடத்தைத் தத்தம் மொழியில் அச்சில் படித்திருக்கிறார்கள். அந்த மொழியைப் பார்த்து எழுத்தில்லாதது என்று நாம் சொல்லலாமா?

‘சூனிய பொம்மை’ என்றீர்களே, அதன் பெயர் ந்கிசி ந்கொண்டி. இருவருக்குள் தகராறு தீர்ந்தால், ஓர் உடன்படிக்கை ஏற்பட்டால், அதற்குச் சாட்சியாக அந்த மரச்சிலையில் ஓர் ஆணியோ இரும்புத் தகடோ அடிப்பார்கள். வாக்கு மீறினால் அது தேடி வரும். நம் ஊரில் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வதில்லையா? உடல் முழுக்க ஆணி ஏறிய ஒரு சிலை என்றால், அத்தனை வழக்குகளைக் கண்ட சிலை என்று பொருள். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பது ஓர் ஊரின் நீதிமன்றப் பதிவேடு.

1665 அக்டோபர் 29 அன்று ம்ப்வில்லா போரில் காங்கோ அரசர் முதலாம் அந்தோனியோவைப் போர்ச்சுக்கீசியப் படை கொன்று தலையை வெட்டியது. அந்தத் தலை லுவாண்டாவில் நசரேத் மாதா ஆலயத்தில் புதைக்கப்பட்டது. பிறகு அரச குடும்பக் கிளைகளுக்குள் பல ஆண்டுகள் சண்டை. சண்டையில் பிடிபட்டவர்கள் கப்பலேறினார்கள், தலைநகர் பாழானது. அந்தப் பாழூருக்கு மக்களைத் திரும்ப அழைத்துவந்தவள் கிம்பா வீட்டா என்ற இளம்பெண். புனித அந்தோணியார் தன்மேல் இறங்கியிருக்கிறார் என்றாள், இயேசு பிறந்ததே ம்பான்சா கொங்கோவில்தான் என்றாள். 1706 ஜூலையில் அவளை உயிரோடு எரித்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

கப்பலேறியவர்கள் தங்கள் ஊரைக் கையோடு கொண்டுபோனார்கள். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் நடந்த ஸ்டோனோ அடிமைக் கிளர்ச்சியில் காங்கோவிலிருந்து போனவர்கள் முன்னணியில் நின்றார்கள். பிரேசிலில் ‘காங்காடா’ விழாவில் இன்றும் காங்கோ அரசருக்கு முடிசூட்டுகிறார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் வேர்க்கடலைக்கு ‘கூபர்’ என்று ஒரு பெயர் இருக்கிறதே, அது கிகொங்கோவின் ‘ந்குபா’.

காங்கோ என்ற பெயரில் இன்று இரண்டு நாடுகள் இருந்தும், ம்பான்சா கொங்கோ இருப்பது அங்கோலாவில். யுனெஸ்கோ 2017இல் அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பழைய பேராலயத்தின் சுவர்கள் நிற்கின்றன. நீதி சொல்லும் மரமான யாலா ந்குவூ நிற்கிறது. போர்ச்சுக்கீசியர் 1914இல் அரச பட்டத்தை ஒழித்துவிட்டார்கள். ஆனாலும் ‘லும்பு’ என்ற பழைய சபையில் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் கூடி, வருகிறவர்களின் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள்.